முக்காலே மூணு வீசம்

செஞ்சி என்றாலே எல்லாரும் தேசிங்கு ராஜனைத்தான் எழுதுவாங்க. 1714-ல் ஆற்காட்டு நவாப் படையோடு மோதிச் செத்துப்போன அந்த இளைஞன், அவன் குதிரை, உடன்கட்டை ஏறிய ராணி... நானும் எழுதியிருக்கேன். பழைய பதிவுகள்ல தேடினா கிடைக்கும் (தயவு செஞ்சு தேடாதீங்க, அப்போ என் எழுத்து ரொம்ப மோசம்). இந்தப் பதிவுல வாள் பிடிச்சவங்க யாரும் வரமாட்டாங்க. நெல் அளந்தவங்களும் அதைக் கணக்கு எழுதினவங்களும்தான் வர்றாங்க. ஆரம்பிச்சு வெச்சது எதிர் வீட்டுப் பெண்.

அந்தப் பொண்ணு குரூப் 4 எழுதுது. 27 வயசு, கல்யாணமாகி ஒரு பையன். ரெண்டு தடவை எழுதி ரெண்டு தடவையும் கை நழுவிப் போச்சு. தமிழ்ப் பகுதி பிரச்சனையே இல்லை. பொது அறிவைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லும். கணக்குதான் காலை வாருது. மார்கழியில ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில நோட்டும் கையுமா வந்து நின்னது.

"சார், ராமு ஒரு வேலையை 3 நாள்ல முடிப்பான். சோமு 4 நாள்ல முடிப்பான். ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சா எத்தனை நாள்?"

"ராமு ஒரு நாள்ல எவ்வளவு வேலை முடிப்பான்மா?"

"மூணுல ஒரு பங்கு."

"சோமு?"

"நாலுல ஒரு பங்கு."

"ரெண்டும் சேர்த்தா?"

"ஏழுல ரெண்டு."

மேலே ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு. கீழே மூணும் நாலும் ஏழு. கொஞ்சம் நிதானிச்சுப் பாருங்க: ஏழில் இரண்டு என்பது மூன்றில் ஒன்றைவிடக் குறைவு. அதாவது சோமு வந்து கூடச் சேர்ந்ததும் ராமு தனியா செஞ்சதைவிட வேலை குறைஞ்சு போச்சு! (சில ஆபீஸ்ல நிஜமாவே அப்படித்தான் நடக்கும், அது வேற கதை.)

மீச்சிறு பொது மடங்குன்னு ஒண்ணு இருக்கேம்மான்னு கேட்டேன். பேர் தெரியும், கைடுல பார்த்து மனப்பாடம் பண்ண வழிமுறையும் தெரியும், எதுக்கு அதுன்னுதான் தெரியாது. "அஞ்சாவதுல நடத்தினப்போ எனக்கு அம்மை போட்டிருந்தது சார். திரும்பிப் போனப்போ அடுத்த பாடம் ஓடிட்டிருந்தது. கேக்கலாம்னு நெனச்சேன். கேட்டா சிரிப்பாங்கன்னு விட்டுட்டேன்." அஞ்சாவதுல விட்ட ஒரு படி. ஆறாவதுல விகிதம், ஏழாவதுல சதவீதம், எட்டாவதுல வட்டி எல்லாமே அந்தக் காணாமப்போன படி மேலதான் கட்டியிருக்கு. 2025 ஜூலையில் நடந்த குரூப் 4 தேர்வில் மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண். அதுல 100 தமிழ், 75 பொது அறிவு, மீதி 25 கணக்கும் புத்திக்கூர்மையும். 25 கேள்விதானேன்னு தோணும். ஒவ்வொண்ணுக்கும் ஒன்றரை மதிப்பெண், ஆக 37½. 2018 பிப்ரவரியில் நடந்த தேர்வில் 9,351 இடத்துக்கு 20 லட்சத்துக்கும் மேல விண்ணப்பம். அந்தக் கூட்டத்துல 37½-ஐ விட்டுக்கொடுத்துட்டு யாரும் உள்ளே போக முடியாது.

அந்த ஒரு படியை எப்படிக் கட்டறதுன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தப்போதான் தாத்தா ஞாபகம் வந்தார். கொசுவத்தி சுத்தறேன், பொறுத்துக்குங்க.

எங்க தாத்தா இதே செஞ்சி வட்டத்துல ஒரு கிராமத்துக்குக் கணக்குப்பிள்ளை. அவர் அப்பாவும் அதே வேலை, அவருக்கு அப்பாவும் அதே வேலை. தாத்தா படிச்சது திண்ணைப் பள்ளிக்கூடம். சாயங்காலம் விளக்கேத்தினப்புறம் கண்ணை மூடிக்கிட்டு மாகாணி வாய்ப்பாடு சொல்லுவார். பாட்டுன்னு நினைச்சுதான் நான் கேட்டுக்கிட்டிருந்தேன். அது 1/16-ன் பெருக்கல் வாய்ப்பாடுன்னு புரிஞ்சப்போ தாத்தா இல்லை.

திண்ணைப் பள்ளியில கணக்குன்னா எண்சுவடி. கூடவே பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாற்று. பொன்னிலக்கத்துல எண்களும் பின்னங்களும் வரும். நெல்லிலக்கம் தானிய அளவை. குழிமாற்று நிலம் அளக்க. பையன் முதல்ல மணல்ல விரலால எழுதணும், அப்புறம் ஓலையில எழுத்தாணியால. ஒருத்தன் சொல்லிக்கொடுக்க மத்தவங்க கூட்டமா திருப்பிச் சொல்லணும். அது மனசுல ஊறும் வரைக்கும் விடமாட்டாங்க. அடுத்த பாடத்துக்கு வகுப்பு மொத்தமும் ஒண்ணாப் போறதுங்கிற பேச்சே கிடையாது, அவனவன் முடிச்சா அவனவன் அடுத்த ஓலைக்குப் போவான். பின்தங்கினவனுக்குச் சட்டாம்பிள்ளை சொல்லித்தருவான். மெட்ராஸ் எழும்பூர்ல ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதிப் பள்ளியை நடத்தின ஆண்ட்ரூ பெல் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியில பிள்ளைகள் மணல்ல எழுதறதைப் பார்த்துத் தன் பள்ளிக்கும் அதைக் கொண்டுபோனார். பையனுக்குப் பையன் சொல்லித்தர்ற முறையையும் அங்கே நடத்தி, 1797-ல் லண்டன்ல புத்தகமாப் போட்டார். அதுக்கு அங்கே 'மெட்ராஸ் முறை'ன்னே பேராச்சு.

ஆஹா ஓஹோன்னு நான் புகழறேன்னு நினைக்காதீங்க. தப்பா சொன்னா பிரம்படி. அது பத்தலைன்னா கோதண்டம், அதாவது உத்தரத்துல கட்டின கயித்தைப் பிடிச்சுக்கிட்டுப் பையன் தொங்கணும். தாத்தாவோட விரல் முட்டியில ஒரு தழும்பு இருந்தது. அதைப் பத்தி ரொம்பப் பெருமையா பேசுவார். எனக்கு அந்தப் பெருமை கடைசி வரைக்கும் புரியலை.

இப்போ பின்னத்துக்கு வருவோம். நம்மாளுங்க வெச்சிருந்த பின்னங்களைப் பாருங்க. முந்திரி 1/320. அரைக்காணி 1/160. காணி 1/80. அரைமா 1/40. மா 1/20. மாகாணி அல்லது வீசம் 1/16. இருமா 1/10. அரைக்கால் 1/8. மும்மா 3/20. நாலுமா 1/5. அப்புறம் கால், அரை, முக்கால். "முக்காலே மூணு வீசம் முடிஞ்சது"ன்னு இன்னைக்கும் சொல்றோமே, முக்கால் கூட 3/16 சேர்த்தா 15/16. கிட்டத்தட்ட முழுசு, ஒரே ஒரு வீசம் பாக்கி.

இந்தப் பட்டியல் எல்லாத்துக்கும் கீழே ஒரு முந்திரி இருக்கு. ஒரு மாகாணியில 20 முந்திரி, ஒரு மாவுல 16 முந்திரி, காலுக்கு 80. மாகாணியும் மாவும் சேர்த்தா எவ்வளவுன்னு கேட்டா 36 முந்திரி. பகுதியைச் சமமாக்கு, மீ.சி.ம. கண்டுபிடின்னு எந்தத் தலைவலியும் கிடையாது. 320-ங்கிற ஒரு பொதுப் பகுதியை யாரோ ஒரு புண்ணியவான் முன்கூட்டியே தேர்ந்தெடுத்து எல்லாப் பின்னத்துக்கும் அடியில வெச்சுட்டான். திண்ணைப் பையன் மீ.சி.ம. கத்துக்கவே இல்லை, அதுக்கு மேலேயே உட்கார்ந்திருந்தான். அதுக்கும் கீழே போகணும்னா கீழ்முந்திரி, 320-ல் 1 பங்குக்கு மறுபடி 320-ல் 1 பங்கு, அதாவது 1/1,02,400. அதை 21-ஆப் பிரிச்சா ஒரு இம்மி. "இம்மியளவும் சந்தேகமில்லை"ன்னு மேடையில பேசறவங்க 1/21,50,400 அளவும் சந்தேகமில்லைன்னு சொல்றாங்க, பாவம், அவங்களுக்கே தெரியாது.

ஆனா ஒரு ஓட்டை இருக்கு, கவனிச்சீங்களா? 320-ஐ மூணால வகுக்க முடியாது. 1/3-க்கு இந்தப் பட்டியல்ல பேரே இல்லை. அப்போ மூணு பேருக்கு நெல்லை எப்படிப் பங்கு போட்டாங்க?

இங்கேதான் கோட்டை வருது. கீழ்க்கோட்டையில கல்யாண மகாலுக்குப் பக்கத்துல களஞ்சியம் இருக்கு. கனத்த சுவர், வளைவான கூரை, உள்ளே போனா வெயில் காலத்துலயும் குளிரும். சுற்றுலா வர்றவங்க எதிரொலி கேக்கிறதுக்காகக் கத்திட்டுப் போவாங்க. ராஜகிரி உச்சியிலயும் ஒரு களஞ்சியம் உண்டு. நாயக்கர் காலம் முடிஞ்சு 1649-ல் பிஜப்பூர் சுல்தான் கைக்கு, 1677-ல் சிவாஜி கைக்கு, அப்புறம் 1690-லிருந்து 1698 வரைக்கும் ராஜாராமை உள்ளே வெச்சு மொகலாயப் படை போட்ட முற்றுகை. முற்றுகையைப் பத்தி எழுதறவங்க பீரங்கியை எழுதுவாங்க. 8 வருஷம் அந்த மலைமேல இருந்தவங்க பீரங்கிக் குண்டையா தின்னாங்க? உள்ளே எத்தனை பேர், இருப்பு எவ்வளவு, ஆளுக்கு எவ்வளவு அளந்தா எத்தனை மாசம் தாங்கும்னு ஒருத்தன் கணக்குப் போட்டுக்கிட்டே இருந்திருக்கணும். அவன் பேர் எந்தக் கதைப்பாட்டுலயும் இல்லை. 2025 ஜூலையில் மராட்டிய ராணுவக் கோட்டைகள்னு 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தாங்க. தமிழ்நாட்டுக் கோட்டைன்னா அதுல செஞ்சி மட்டும்தான். ஊரே கொண்டாடிச்சு. அப்பவும் நான் அந்தக் களஞ்சியத்தைத்தான் நினைச்சுக்கிட்டேன்.

நெல்லளவை இப்படிப் போகும். 5 செவிடு ஒரு ஆழாக்கு. 2 ஆழாக்கு ஒரு உழக்கு. 2 உழக்கு ஒரு உரி. 2 உரி ஒரு நாழி, நம்ம படி. 8 நாழி ஒரு குறுணி. 2 குறுணி ஒரு பதக்கு. 2 பதக்கு ஒரு தூணி. 3 தூணி ஒரு கலம். வரிசையா ரெண்டு ரெண்டாப் போய்க்கிட்டிருந்தது கடைசியில திடீர்னு மூணுன்னு திரும்புது பாருங்க. அதனால ஒரு கலத்துக்கு 12 குறுணி. 12-ஐ ரெண்டால, மூணால, நாலால, ஆறால வகுக்கலாம். பொன்னிலக்கத்துல இல்லாத மூணு நெல்லிலக்கத்துல ஒளிஞ்சுக்கிட்டிருக்கு. மூணு பங்காளிக்கு ஒரு கலம்னா ஆளுக்கு ஒரு தூணி, சண்டையே இல்லை.

இதைத்தான் அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன். "வேலையை மறந்துடும்மா. ஒரு கலம் நெல்லுன்னு வெச்சுக்க. கலத்துக்கு 12 குறுணி. ராமுவுக்கு மூணுல ஒரு பங்கு, எத்தனை குறுணி?"

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தது. "குறுணின்னா மரக்காலா சார்?"

"ஆமா."

"எங்க ஆயா சொல்லும் சார். நடவுக்குப் போனா கூலி நெல்லு படியில அளப்பாங்களாம், அறுப்புன்னா மரக்கால்ல. தலையைத் தட்டி அளந்தா எவ்வளவு குறையும், கோபுரமா அளந்தா எவ்வளவு கூடும், பத்து நாள் கூலியில எத்தனை படி போச்சுன்னு வீட்டுக்கு வந்து விரல்ல எண்ணுமாம். அதுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது."

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரலை. ஏன்னு சொல்றேன்.

1822-ல் மெட்ராஸ் கவர்னர் தாமஸ் மன்றோ மாகாணம் பூரா எத்தனை பள்ளிக்கூடம் இருக்குன்னு கலெக்டர்களைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826-ல் தொகுத்த விவரப்படி 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். மாகாண மக்கள்தொகை அப்போ 1,28,50,941. நம்ம செஞ்சி சேர்ந்திருந்த தென்னாற்காடு மாவட்டத்துல 875 பள்ளிகள். தரம்பால் இந்த ஆவணங்களைத் தேடி எடுத்து 1983-ல் புத்தகமாப் போட்டார். அதுலேர்ந்து, வெள்ளைக்காரன் வர்றதுக்கு முன்னாடி எல்லாரும் படிச்சிருந்தோம்னு ஒரு கோஷ்டி குதிக்கும். தென்னாற்காட்டு மாணவர்கள்ல பிராமண, சத்திரிய, வைசியப் பிள்ளைகள் சுமார் 13 சதவீதம்தான், சூத்திரர்களும் மற்ற சாதிகளும் 84 சதவீதத்துக்கு மேலங்கிறதும் உண்மைதான். எனக்கும் அது முதல்ல ஆச்சரியமாத்தான் இருந்தது. ஆனா அந்தத் திண்ணையில பெண் பிள்ளைகள் விரல் விட்டு எண்ணுற அளவு. சேரிப் பிள்ளைகள் அந்தத் தெருவுக்குள்ளயே வர முடியாது, அப்புறம் எங்கே திண்ணையில ஏறறது? திண்ணைங்கிறது ஒரு வீட்டோட திண்ணை. யாரை ஏத்தணும்னு வீட்டுக்காரன் முடிவு பண்ணுவான்.

எங்க தாத்தா அந்தத் திண்ணையில உட்கார்ந்து குறுணிக்கு எத்தனை நாழின்னு பாடினார். அந்தப் பொண்ணோட ஆயா களத்துமேட்டுல நின்னு அதே குறுணியைக் கூலியா வாங்கிக் கத்துக்கிட்டது. ரெண்டும் ஒரே வாய்ப்பாடுதான். அந்த வாய்ப்பாடு ஒருத்தருக்கு உத்தியோகம் வாங்கிக் கொடுத்தது. இன்னொருத்தருக்கு, எவ்வளவு ஏமாந்தோம்னு தெரிஞ்சுக்க மட்டும்தான் உதவிச்சு.

அந்த உத்தியோகத்தோட கதையும் சொல்லணும். கிராமக் கணக்கு பரம்பரை வேலை. 1895-ல் வந்த மெட்ராஸ் பரம்பரைக் கிராமப் பதவிகள் சட்டம் அதை எழுத்துலயே உறுதிப்படுத்திச்சு. அடங்கல், சிட்டா, பட்டா எல்லாம் அவர் கையில. யார் நிலம் எவ்வளவு, என்ன பயிர், எவ்வளவு வரின்னு அவர் எழுதினதுதான் ஜமாபந்தியில நிக்கும். பின்னம் தெரிஞ்சவன் எழுதுவான், தெரியாதவன் கைநாட்டு வைப்பான். 1960-ல் ஆந்திராவுலேர்ந்து போன ஒரு வழக்குல உச்ச நீதிமன்றம், கிராமப் பதவிக்குப் பரம்பரையைப் பார்த்து முன்னுரிமை கொடுக்கறது அரசியல் சட்டத்துக்கு விரோதம்னு சொல்லிடுச்சு. தமிழ்நாட்டுல 1980 நவம்பர்ல எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டுப் பகுதி நேரக் கிராம அதிகாரிகள் பதவிகளை மொத்தமா ஒழிச்சது. 1981-ல் அது சட்டமாச்சு. வழக்குப் போட்டாங்க, 1982-ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும்னு தீர்ப்புச் சொன்னது. அந்த இடத்துலதான் இன்னைக்கு நாம பார்க்கிற கிராம நிர்வாக அலுவலர். தேர்வு எழுதித்தான் வரணும். 2018-லேர்ந்து அதுவும் குரூப் 4-க்குள்ளயே அடக்கம்.

1980-ல் எனக்குப் பத்து வயசு. தாத்தா அறுபதை நெருங்கிக்கிட்டிருந்தார். கணக்குக் கட்டுகளை ஒப்படைச்சுட்டு வந்து வாசல்ல உட்கார்ந்தவர் ரெண்டு நாள் சரியா சாப்பிடலை. எனக்கு அவர் மேல பாசம் உண்டு. ஆனா அந்தச் சட்டம் சரிதான். இதை எழுதினா சொந்தக்காரங்க போன் பண்ணுவாங்க, பண்ணட்டும்.

எண்சுவடி அதுக்கு முன்னாடியே செத்துப்போச்சு. 1957 ஏப்ரல் 1-ல் நயா பைசா வந்தது. அதுவரைக்கும் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. ஒரு அணான்னா ரூபாய்ல மாகாணி, அதனால வாய்ப்பாடு கடைத்தெருவுல தினம் உபயோகமாச்சு. நூறு பைசா வந்ததும் வீசத்துக்கு வேலை போச்சு. அப்புறம் லிட்டர், கிலோ, ஹெக்டேர். 100-லயும் 1000-லயும் கணக்குப் போடறது சுலபம், மறுக்கலை. ஆனா படியைப் பார்த்து, மரக்காலைப் பார்த்து, பின்னம்னா என்னன்னு கையாலயே புரிஞ்சுக்கிட்ட சமாச்சாரம் அதோட போச்சு. பின்னம் கரும்பலகையில மேலே ஒரு எண், கீழே ஒரு எண்ணா ஆயிடுச்சு. மேலே இருக்கிறதை மேலே கூட்டு, கீழே இருக்கிறதைக் கீழே கூட்டுன்னு ஒரு குழந்தைக்குத் தோணினா அதுல என்ன தப்பு? எழுதியிருக்கிறதே அப்படித்தானே இருக்கு?

சரி, மறுபடி ஞாயிற்றுக்கிழமைக்கு வர்றேன்.

"ராமுவுக்கு 4 மரக்கால். சோமுவுக்கு 3 மரக்கால்," அப்படின்னு அந்தப் பொண்ணு விரல் மடக்கிச்சு. "மொத்தம் 7. பன்னெண்டுல ஏழு." நோட்டுல எழுதி, அதைச் சுத்தி வட்டம் போட்டுச்சு. "ஒரு நாளைக்கு 7 மரக்கால்னா 12 மரக்காலுக்கு... 12-ஐ 7-ஆல வகுக்கணும். ஒண்ணே ஏழுல அஞ்சு நாள். ரெண்டு நாளைக்கு உள்ளேயே முடிஞ்சுடும்." அப்புறம், "கைடுல இதேதான் சார் இருக்கு. மூணுக்கும் நாலுக்கும் மீ.சி.ம. பன்னெண்டு. இந்தப் பன்னெண்டு எங்கேருந்து வருதுன்னுதான் எனக்குத் தெரியலை. இது மரக்காலா!"

காலும் அஞ்சுல ஒண்ணும் கொடுத்தேன். கலத்துல போட்டுப் பார்த்துட்டு, "12-ல அஞ்சு போகலை சார்"ன்னு அதுவே கண்டுபிடிச்சது. எனக்கு இது பிடிச்சிருந்தது. எந்தப் பாத்திரத்துல மீதியில்லாம அளக்க முடியும்னு தேடறதுதானே மொத்த விஷயமும். மாவைச் சொன்னேன், இருபதுல ஒண்ணு. கால்னா 5 மா, அஞ்சுல ஒண்ணுன்னா 4 மா, ஆக 9 மா, 9/20. ஆறுல ஒண்ணும் எட்டுல ஒண்ணும் கேட்டேன். கலத்துலயும் போகலை, மாவுலயும் போகலை. பத்து நிமிஷம் நோட்டுல கிறுக்கிட்டு, "அரை மரக்கால்ல அளக்கறேன் சார், கலத்துக்கு 24 வரும். நாலும் மூணும் ஏழு, இருபத்தி நாலுல ஏழு"ன்னுச்சு. இதை நான் சொல்லித்தரலை. தாத்தாவோட ஓலையில எங்கேயாவது இருந்ததான்னும் தெரியலை.

எல்லாம் தீர்ந்துடலை. 1/7 வந்தா எந்தப் பாத்திரமும் கிடையாது, மீ.சி.ம.தான் போடணும். அதுக்கு அடுத்து சதவீதம், விகிதம், தனிவட்டி, கூட்டுவட்டி, கன அளவு. தேர்வுல ஒரு கணக்குக்கு ஒரு நிமிஷம்கூட முழுசாக் கிடைக்காது, மரக்காலைத் தூக்கிக்கிட்டு ஓட முடியாது. வேகம் வர்றதுக்குப் பழைய வினாத்தாளா போட்டுப் போட்டுத்தான் பழகணும். ஒவ்வொரு ஞாயிறும் வரச் சொல்லியிருக்கேன். போன வாரம் கூடவே தெருவுலேர்ந்து இன்னும் ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்தது. ஒருத்தனுக்கு பின்னம் சுத்தமா வராது. நான் காபி போட உள்ளே போயிட்டு வர்றதுக்குள்ள அந்தப் பொண்ணு அவன்கிட்ட "ஒரு கலம் நெல்லுன்னு வெச்சுக்கடா"ன்னு ஆரம்பிச்சிருந்தது. உட்கார்ந்திருந்த இடம் எங்க வீட்டுத் திண்ணை. தாத்தா கட்டினது.

அடுத்த ஞாயிறு தனிவட்டி.

டிஸ்கி: மேலே சொன்ன முந்திரி திங்கிற முந்திரி இல்லை. மரக்கால் அளவு ஊருக்கு ஊர் மாறும், அதனால உங்க ஊர் மரக்காலுக்கு வேற கணக்கு இருந்தா சண்டைக்கு வராம எத்தனை படின்னு எழுதிட்டுப் போங்க.